ஒரு நாள் பிசகு

கடலை மீன்களாகவும்
மீன்களை டன்களாகவும்
டன்களைக் குரோனாக்களாகவும் மாற்றுவது என் வேலை.
அதற்கு நடுவே, அக்டோபரில்,
நாற்பத்தொரு வரியில் ஒரு நிரல் எழுதினேன்.

பெரிதாக ஒன்றுமில்லை.
பத்து நிமிடத்துக்கொருமுறை விழிக்கும்.
மணி பார்க்கும்.
எங்கள் ஃபியோர்டின் அட்சரேகையை வைத்துச்
சூரியன் எத்தனை பாகை உயரம் என்று கணக்கிடும்.
கோப்புறையில் கிடக்கும் நான்கு படங்களில் ஒன்றைத்
திரையின் பின்னணியில் ஒட்டிவிட்டுத்
திரும்பத் தூங்கப்போகும்.
நான்கும் இதே மேசையிலிருந்து எடுத்தவை:
கறுப்பு, நீலம், பொன்,
கொஞ்சம் சிவப்பு கலந்து மறுபடி நீலம்.

முதல் நாள் திரை முழுக்க இருட்டு.
படத்தின் பெயரில் ஐஸ்லாந்து எழுத்தொன்று இருந்தது,
கழுத்தில் கோடு விழுந்தது.
கணினிக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.
எடுத்தேன். விடிந்தது.

யார் பார்க்கப்போகிறார்கள் இதை?
சம்பளப் பட்டியல், ஏற்றுமதி ரசீது,
உறைகிடங்கின் வெப்பநிலை என
எப்போதும் எதுவோ மூடியே இருக்கும் திரையை.
இரண்டு கணக்குகளுக்கு இடையே
விரலகலத்தில் ஒரு சந்து.
அதில் கொஞ்சம் வானம்.
எனக்கு அது போதும்.

நவம்பர் கடைசியில், நண்பகல் வாக்கில்,
மிகைநேரத் தாளில் கையெழுத்து வாங்க
வெட்டுமேசையிலிருந்து வந்தான் பொகுமில்,
ரப்பர் பூட்ஸும் காட் மீன் வாடையுமாக.
திரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.
"ஸ்டெய்னுன், உன் கணினி புளுகுகிறது."

திரையில் பொன்.
வெளியே ஃபியோர்டு, ஓர் ஈயத் தகடு.
நேரம் வந்திருந்தது, பொழுது வரவில்லை.

புளுகவில்லை அது.
வாய்பாட்டின்படி சூரியன் எழுந்தாயிற்று,
ஒரு பாகை, ஒன்றரைப் பாகை.
ஆனால் பூமியை ஒரு பந்தென்று
நம்பியிருக்கிறது வாய்பாடு,
மொழுமொழுவென்று ஒரு பந்து.
எங்கள் தெற்கு மலையை
அதற்கு யாரும் அறிமுகம் செய்யவில்லை.

அன்று மாலை நாற்பத்திரண்டாவது வரியைச் சேர்த்தேன்:
இன்ன தேதியிலிருந்து
ஜனவரி இருபத்தைந்து வரை
பொன்னைத் தொடாதே.
ஒரு மலையை ஒரே வரியில் கட்டி முடித்த கர்வத்தில்
பனியில் வழுக்கி விழுந்து வீடு போய்ச் சேர்ந்தேன்.

பிறகு நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு.
டிசம்பரில் சந்தை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இருபத்தைந்து வந்தது, சூரியன் திரும்பும் நாள்.
ஊர் வழக்கப்படி மெல்லிய பான்கேக் சுட்டு
சர்க்கரை தூவிச் சுருட்டி, காப்பியோடு,
அலுவலகமே என் ஜன்னலில் நின்றது.
மேகம். மலையுச்சியையும் விழுங்கிய மேகம்.
பன்னிரண்டரை. ஒன்று. ஒன்றேகால்.
"திரையிலாவது காட்டேன்" என்றான் பொகுமில்.
கணக்குகள் எல்லாவற்றையும் சுருக்கினேன்.
நீலம்.
சிரித்தார்கள். பான்கேக் தீர்ந்துபோனது.

காரணம் அப்புறம்தான் உறைத்தது:
'முன்' என்று இருக்கவேண்டிய இடத்தில்
'வரை' என்று எழுதியிருக்கிறேன்.
திருத்த நேரமில்லை. துறைமுகத்தில்
கப்பல் ரசீதுக்குக் காத்திருந்தது.

இருபத்தாறு. யாரும் எதுவும் சுடவில்லை.
காலை பதினொன்றுக்கே சந்தில் பொன்,
அவசரக்குடுக்கை.
நான் வரிக்கணக்கில் மூழ்கியிருந்தேன்.
ஒன்று பத்துக்கு
மலையின் தோளிலிருந்த வெட்டு வழியே
மேசையில், விசைப்பலகையில்,
என் மணிக்கட்டில் விழுந்தது.
நான்கு நிமிடம்.
கூசிய கூச்சத்தில்
திரையில் இருந்த படமே தெரியவில்லை.
கீழே கத்திகள் நின்றன.
யாரோ போலிஷில் கூவினார்கள்.

"அப்படியே விட்டுவை" என்றான் பொகுமில் மாலையில்,
"உன்னைவிட அதற்குத் தெரிந்திருக்கிறது."
எப்படி விடுவது? கணக்கு எழுதுகிறவள் நான்.
'வரை'யை அழித்து 'முன்' போட்டேன்.
பக்கத்தில், நிரல் படிக்காமல் தாண்டிப்போகும்
குறிப்பாக மட்டும் எழுதிவைத்தேன்:
இங்கே ஒரு நாள் பிசகியிருந்தது.
இந்த வருடம் பிசகுதான் சரி.